பதினோராவது மேடை

வாசலில் நின்ற காவலர் கோமதிநாயகத்தின் கைபேசியை வாங்கி, பின்பக்கமிருந்த மூன்று கேமராக் கண்களின் மீதும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ஸ்டிக்கர் பிரிஞ்சிருந்தா வெளிய வுட மாட்டோம் சார். பாத்துக்கங்க."

"பழைய ஸ்கூட்டரப் பாக்கதுக்கா இந்தக் கெடுபிடி?" என்று கோமதிநாயகம் தங்கையிடம் கேட்டான். "ஒங்க கம்பெனில அணுகுண்டு ஏதும் செய்யுதாங்களாட்டி?"

செல்வலட்சுமி சிரித்து வைத்தாள். காலையில் அண்ணன் தாம்பரத்தில் ரயிலைவிட்டு இறங்கியதிலிருந்து அவன் சொன்னதற்கெல்லாம் சிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். படப்பை வழியாக ஒரகடம் வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காததற்கு அவள்தான் காரணம் என்பதுபோல் அவன் பேசினான், சிரித்தாள். அவளுடைய விடுதி அறையில் ஆறு கட்டில்கள் கிடந்ததைப் பார்த்து, "ஆஸ்பத்திரி வார்டு கணக்கால்லா இருக்கு" என்றான், அதற்கும் சிரித்தாள். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தால் போதும். அந்த வண்டியின் முன்னால் அவனைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் போதும்.

கோமதிநாயகம் சங்கரன்கோவிலில் உரக்கடை வைத்திருந்தான். அப்பா இல்லாத வீட்டில் மூத்தவன். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்த தங்கை ஒரு வருடம் என்று சொல்லிவிட்டு ஒரகடத்துக்குப் போய் ஐந்து வருடமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். இன்று மாலை செங்கோட்டை ரயிலில் அவனுக்கும் அவளுக்குமாக இரண்டு டிக்கெட் எடுத்திருந்தான். அவள் போனில் அழுதாள், கத்தினாள். கடைசியில், "நான் இங்க என்ன வேலை செய்யுதேன்னு ஒரு தடவையாவது வந்து பாத்திருக்கியா? ஒரு வண்டிக்கு நான் பண்ணுன வேலைய மியூசியத்துல வச்சிருக்காங்க. வந்து பாரு. பாத்துட்டு அப்புறம் சொல்லு" என்றாள்.

அந்தப் பேச்சு அவனுக்குப் பிடித்திருந்தது. கடைக்காரனுக்குச் சரக்கைப் பார்த்துத்தான் பழக்கம்.

"சரி. பாக்கேன். பாத்து எனக்கு மனசு ஒப்பிச்சின்னா நீ இங்கனயே இரி, அம்மாட்ட நான் பேசிக்கிடுதேன். ஒப்பலன்னா மறுபேச்சு பேசாம பொட்டியக் கட்டிட்டு ரயிலேறணும். சம்மதமா?"

சம்மதம் என்றாள். யோசிக்கவே இல்லை. அந்த வண்டியின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

தொழிற்சாலையின் நான்காம் ஷெட்டைத்தான் காட்சிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். சேர்மனுக்குப் பழைய பிரிட்டிஷ் ஸ்கூட்டர்கள் மீது பித்து. முப்பது வருடங்களாக எங்கெங்கோ தேடி வாங்கிச் சேர்த்தவற்றைப் போன மாதம் இங்கே கொண்டுவந்து வைத்துத் திறந்தார். இன்றுதான் முதல் குடும்ப நாள்; தொழிலாளிகளையும் இன்றுதான் முதன்முறையாக உள்ளே விட்டார்கள். நிரந்தரத் தொழிலாளிக்கு நான்கு பேர், ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒருவர். செல்வலட்சுமிக்கு ஒருவர்தான். ஒருவர்தான் வேண்டியும் இருந்தது.

உள்ளே குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புக் கம்பளம் விரித்த மேடைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வண்டி, முன்னால் ஒரு எண், சுற்றிச் சிவப்புக் கயிறு. நீலக் கோட்டு போட்ட ஒருவர் வந்து கும்பிட்டார். கன்னியப்பன், பக்கத்துச் சேரப்பணஞ்சேரிக்காரர். போன வருடம் வரை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவரை, முதுகுவலி வந்தபின் இங்கே சுற்றிக்காட்டும் வேலையில் போட்டிருந்தார்கள்.

"வாங்க சார், வாம்மா. கயித்த மட்டும் தாண்டாதீங்க. இத்தப் பாருங்க, கோர்கி. சண்ட நேரத்துல வெள்ளக்காரன் ஒரு குட்டி வண்டியச் செஞ்சி, மடிச்சி, பாராசூட்ல கட்டிக் கீழப் போட்டான். சண்ட முடிஞ்சதும் அத்தயே கொஞ்சம் மாத்தி ஜனங்களுக்கு வித்தான். அதான் இது."

"வானத்துல இருந்து விழுந்தா ஒடையாதாக்கும், அண்ணாச்சி?"

"சோல்ஜரே குதிக்கிறான், வண்டிக்கு இன்னா சார்?"

கோமதிநாயகத்துக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதுதான் வினையாயிற்று. இரண்டாம் மேடையில் நின்றான், மூன்றாம் மேடையில் நின்றான். அட்டையில் எழுதியிருந்ததை ஒரு வரி விடாமல் படித்தான். எந்த வருடம், எத்தனை குதிரைசக்தி, சக்கரம் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கேட்டான்.

"மைலேஜ் என்ன குடுக்கும்?"

"மியூசியத்துல நிக்கிற வண்டிக்கு மைலேஜா? நாளெல்லாம் நின்னாலும் ஒரு சொட்டு குடிக்காது சார்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். செல்வலட்சுமிக்குப் பல்லைக் கடிக்க வேண்டும்போல் இருந்தது. ஐந்து வருடத்தில் அவளுடைய வேலையைப் பற்றி அண்ணன் கேட்ட மொத்தக் கேள்விகளைவிட இந்தப் பத்து நிமிடத்தில் அவன் கேட்டவை அதிகம். அவள் முன்னால் நடந்தாள். ஏழாம் மேடையில் பச்சை நிற சன்பீம். எட்டு. ஒன்பது. பத்தாம் மேடையில் டைக்ரஸ். பதினோராம் மேடையைத் தூண் ஒன்று மறைத்திருந்தது. தூணைச் சுற்றிப் போனாள்.

மேடை காலியாக இருந்தது.

முழுக்கக் காலி என்று சொல்ல முடியாது. தாங்கியின் மேல் ஒரு பெரிய புகைப்படம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அது அந்த வண்டிதான். பின்பக்கம் முழுவதையும் மூடிக்கொண்டு ஆமை ஓடுபோல் வளைந்த தகடு, சின்ன சக்கரங்கள், மேலே ஒற்றை இருக்கை. ஆனால் அவள் அனுப்பிவைத்த வண்டி இல்லை, அவளிடம் வந்து சேர்ந்த வண்டி. துரு கசிந்த விளிம்புகள், வெளிறிப்போன சாம்பல் நீலம், முன்தகட்டில் நீளமாக ஓடிய கீறல். அவள் கை வைப்பதற்கு முன்னால் எடுத்த படம்.

கீழே அட்டை: ஸ்வாலோ கேடபவுட், 1949. தொழிற்சாலையில் பூசிய முதல் வண்ணத்துடனேயே எஞ்சியிருந்த அபூர்வ வண்டி.

எஞ்சியிருந்த. அந்தச் சொல்லை அவள் இரண்டு முறை படித்தாள்.

"அண்ணே," என்று கன்னியப்பனைக் கூப்பிட்டாள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "இந்த வண்டி எங்க?"

"அதுவா? பின்னாடி ஸ்டோர்ல கீது. வெளிய காட்டக் கூடாதுன்ட்டாங்கோ."

"ஏன்?"

கன்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "அத்த ஏம்மா கேக்குற. எழுவது வருசத்து பெயின்ட் அப்படியே இருந்துச்சாம். அதான் அதுக்கு மதிப்பாம். திறப்பு விழாவுக்கு மின்ன, கழுவி மெழுகு போட்டுக் குடுங்கடான்னு நம்ம பெயின்ட் ஷாப்புக்கு அனுப்புனாங்கோ. அங்க எவளோ ஒரு புத்திசாலி மொத்தத்தையும் சொரண்டிட்டு புது பெயின்ட் அடிச்சி அனுப்பிட்டா. சேர்மன் பாத்தாரு. தொட்டுப் பாத்தாரு. ஒண்ணுமே பேசல. போயி கார்ல குந்திக்கினாரு. நான் இங்கதான் நின்னுக்கினு இருந்தேன். எனக்கே பாவமாப் போச்சு."

"எவளோன்னா?"

"கான்ட்ராக்ட் பொண்ணாம். அன்னிக்கே தூக்கிட்டாங்களாம்."

தூக்கப்பட்டவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்படியானால் அதுதான். திறப்பு விழா முடிந்த மறுநாளே, ஆள் பத்தவில்லை என்று சொல்லி அவளைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். சூப்பர்வைசர் பாண்டுரங்கன் அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். கொஞ்ச நாளைக்குத்தானே என்று இருந்துவிட்டாள். அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டே, தன் வண்டியைப் பார்க்க யார் யாரெல்லாம் வந்து போகிறார்களோ என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாள் அப்படி நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசியது. தெருவே பார்க்கத் துணி கிழிந்ததை அறியாமல் நடந்து வந்தவளுக்குக் கடைசியில் யாரோ சொன்னால் எப்படி இருக்கும், அப்படி.

பெயின்ட் ஷாப்பில் அவள் மேஜைக்கு ஒரு விதி இருந்தது. எந்தத் தகடு வந்தாலும் கூடவே ஓர் அட்டை வரும். அட்டையில் அந்தத் தகட்டின் படம். குறை எங்கே இருக்கிறதோ அங்கே சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட வேண்டும். குறையைச் சரிசெய்ததும் வட்டத்துக்குள் பச்சை டிக். திறந்த வட்டம் ஒன்றுகூட இல்லாமல்தான் தகடு மேஜையைவிட்டு நகரும். ஒரு வட்டம் விட்டுப்போனாலும், மேஜைக்கு அடுத்து வரும் ஷிஃப்ட்காரிதான் எல்லார் முன்னாலும் வசவு வாங்குவாள். ஐந்து வருடங்களாக அவள் விரல்கள் அதற்கே பழகியிருந்தன. விடுதியில் தட்டைக் கழுவினால்கூட விளிம்பில் குறை தேடும்.

சேர்மனின் வண்டிகள் தள்ளுவண்டியில் வந்தபோதும் அதே அட்டைதான் வந்தது. வேறு அட்டை அந்த ஷாப்பில் கிடையாது. அவள் மேஜைக்கு வந்த மற்ற வண்டிகள் ஏற்கெனவே புதுப்பிக்கப்பட்டவை. ஐந்தாறு வட்டங்களில் முடிந்தன. கேடபவுட்டுக்கு அறுபத்தோரு வட்டங்கள் விழுந்தன. அவள் அட்டையைப் பாண்டுரங்கனிடம் காட்டி, "சார், இத என்ன செய்ய?" என்று கேட்டாள். கேட்கத்தான் செய்தாள். அவர் அட்டையைப் பார்த்தார். வண்டியைப் பார்க்கவில்லை. "இன்னாமா புதுசா கேக்குற? வட்டத்தையெல்லாம் க்ளோஸ் பண்ணு" என்றார்.

பதினேழு நாள், ஷிஃப்ட் முடிந்தபின் இருந்து செய்தாள். அந்தச் சாம்பல் நீலத்தைப் பிடிக்க மட்டும் நான்கு நாள். இருக்கைக்கு அடியில் வெயில் படாத இடத்தில் விரல் நகம் அளவுக்குப் பழைய நிறம் அப்படியே இருந்தது. அதோடு ஒத்துப் பார்த்துப் பார்த்துக் கலந்தாள். கடைசி வட்டத்தில் டிக் போட்டபோது இரவுச் சாப்பாட்டு மணி அடித்தது. பசிக்கவே இல்லை.

இப்போது புகைப்படத்தைப் பார்த்தாள். கண் தன்னால் குறைகளை எண்ணத் தொடங்கி, கால் வைக்கும் தகட்டுக்கு வந்ததும் நின்றது. அங்கே இரண்டு இடங்களில் பெயின்ட் போய், உலோகம் தேய்ந்து பளபளத்தது. நாற்பத்தைந்தாம் வட்டமும் நாற்பத்தாறாம் வட்டமும். வலது பக்கம் கொஞ்சம் அதிகம் தேய்ந்திருந்தது. யாரோ ஒருவர் பல வருடங்களாக இரண்டு பாதங்களை அங்கே வைத்திருக்கிறார். வலது காலைச் சற்று அழுத்தி ஊன்றுகிறவர். அவள் அதை உப்புத்தாள் கொண்டு தேய்த்துச் சமப்படுத்தியிருந்தாள்.

இது ஏன் அன்று தெரியவில்லை என்று தன்னையே கேட்டாள். தெரியாமல் இல்லை. பார்த்தாள். வட்டம் போட்டாள்.

"ஏட்டி," என்று கோமதிநாயகம் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். "எல்லாம் பாத்தாச்சு. ஒன்னோடது எது?"

அவனுக்கு அது எந்த வண்டி என்று தெரியாது. நேரில் காட்ட வேண்டும் என்று அவள் பெயரைச் சொல்லாமல் வைத்திருந்தாள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கூடம் முழுக்க வண்டிகள் மின்னிக்கொண்டு நின்றன. எதையும் காட்டலாம். எதைக் காட்டினாலும் நம்புவான். நம்பினால் அந்த இரண்டாவது டிக்கெட் போய்விடும்; வெள்ளிக்கிழமை போய்விடும்; ஆறு கட்டில்களில் ஒன்று அவளுக்கு மிஞ்சும். நடந்ததைச் சொன்னாலோ, "கம்பெனிக்காரன் வண்டியக் கெடுத்துட்டு, அதப் பாக்கவா என்ன அறுநூறு கிலோமீட்டர் வரச்சொன்ன?" என்பான்.

"அது," என்று கை நீட்டினாள். "ஏழாம் நம்பரு. பச்சை."

கோமதிநாயகம் சன்பீமின் முன்னால் போய் நின்றான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாட்டுச்சந்தையில் காளையைப் பார்க்கிறவன்போல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பார்த்தான். கன்னியப்பன் வேறொரு குடும்பத்துக்குக் கோர்கியைக் காட்டப் போயிருந்தார்.

"இத நீயா செஞ்ச?"

"ம்."

"முழுசுமா?"

"பெயின்ட் வேலை."

"எப்பா," என்றான். அவன் குரல் உண்மையாகவே இறங்கியிருந்தது. "நான் என்னமோ துணிய வச்சித் தொடைக்க வேலைன்னுல்லா நெனச்சேன். கண்ணாடி கணக்கா இருக்கேட்டி. அம்மா பாத்தா அழுதுருவா."

இதைத்தான் அவள் ஐந்து வருடமாகக் கேட்கக் காத்திருந்தாள். இதே சொற்கள், இதே குரல். எதுவும் உள்ளே இறங்கவில்லை. அவள் கண் சன்பீமின் பக்கத் தகட்டிலேயே நின்றுவிட்டது. மேலே தொங்கிய நீளக் குழல்விளக்கு அந்தத் தகட்டில் கோடாக விழவில்லை. விளிம்பு பிசிறி, நெளிந்து விழுந்தது. ஆரஞ்சுப் பழத்தின் தோல்போல் பெயின்ட் முழுக்கச் சன்னமான குழிகள். பெயின்ட் தெளிக்கும் துப்பாக்கியைத் தூரப் பிடித்து அவசரமாக அடித்த வேலை. சேர்மன் வாங்குவதற்கு முன்பே எங்கேயோ யாரோ அடித்தது. மெழுகு போடுவதைத் தவிர வேறெதற்கும் நேரமில்லை என்று பாண்டுரங்கன் அப்படியே தள்ளிவிடச் சொன்னது. அவள் மேஜைக்கே வரவில்லை.

"எவ்வளவு வழுவழுப்பு பாரேன்," என்றான் கோமதிநாயகம். "ஒன் கைல இப்படி ஒரு தொழில் இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

"வழுவழுப்பு இல்ல," என்றாள்.

"என்னது?"

"வழுவழுன்னு இல்லண்ணே. நல்லாப் பாரு. அந்த லைட்டு தகட்டுல எப்படி விழுதுன்னு பாரு. நெளியுதா? புள்ளி புள்ளியா இருக்கா?"

"எனக்கு ஒண்ணும் தெரியல. நல்லாத்தான இருக்கு."

"நல்லா இல்ல!" அவள் குரல் உயர்ந்தது. கோர்கியைச் சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இது என் வேலையே இல்ல. என் மேஜைக்கு வந்திருந்தா இத நான் வெளிய விட்டிருக்கவே மாட்டேன். போயும் போயும் இதப் பாத்து என்னப் பாராட்டாத."

"ஏட்டி, நீதான இப்ப சொன்ன?"

"பொய் சொன்னேன்."

உண்மை பேச வேண்டும் என்று நினைத்தெல்லாம் அவள் அதைச் சொல்லவில்லை. இன்னும் ஒரு நிமிடம் அவன் அந்தக் கேவலமான பக்கத் தகட்டை அவளுடைய கைவேலை என்று நினைத்து மெச்சுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது, அவ்வளவுதான். சொன்னபிறகு மற்றதும் வந்துவிட்டது. பதினோராம் மேடை, வட்டங்கள், பதினேழு நாள், பேக்கிங். அண்ணன் கேட்டான். சத்தம் கேட்டு வந்த கன்னியப்பனும் கேட்டார்.

"அட, நீதானா அது!" என்றார் அவர். "ஒன்னத் தூக்கிட்டாங்கன்னு சொல்லிக்கினாங்களே?"

"தூக்கல. டேப் ஒட்ட விட்டிருக்காங்க."

"நானு எவளோ புத்திசாலின்னு வேற சொல்லிட்டேன். மனசுல வச்சிக்காதம்மா." அவர் கழுத்தைச் சொறிந்தார். "என்னக் கேட்டா புதுசுதான் சூப்பராக் கீது. துருப்புடிச்ச வண்டிய எவன் காசு குட்த்து பாப்பான்?"

"அத எங்களுக்குக் காட்ட முடியுமாண்ணே?"

"சாவி அட்மின் சார்கிட்ட. இன்னிக்கி வர்ல."

"தூரத்துல இருந்தாவது?"

கன்னியப்பன் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கழிவறைக்குப் போகும் வழியில் அவர்களைக் கூட்டிப்போனார். ஷெட்டின் பின்சுவரில் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று. கதவு ஒன்று பாதி திறந்திருந்தது. உள்ளே உடைந்த நாற்காலிகள், விழாவுக்குக் கட்டிய பேனர் சுருள்கள், நடுவில் தார்ப்பாய் போட்டு மூடிய உருவம். யாரோ சரியாக மூடவில்லை. பின்புறத்து வளைந்த தகடு ஒரு முழ அளவுக்கு வெளியே தெரிந்தது. சாம்பல் நீலம்.

கோமதிநாயகம் கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்தான்.

"ஒண்ணும் தெரியலயே. இருட்டால்லா கெடக்கு."

"இப்படி வந்து நில்லு. கொஞ்சம் குனி. ஜன்னல் கம்பி அந்தத் தகட்டுல தெரியுதா?"

அவன் குனிந்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"தெரியுது."

"எத்தன கம்பி?"

"ஆறு... ஏழு. ஏழு."

"கோடு பிசிறாம இருக்கா, நெளிஞ்சிருக்கா?"

"பிசிறாமத்தான் இருக்கு. ஸ்கேல வச்சிக் கோடு போட்ட மாதிரி." அவன் அசையாமல் நின்றான். "என் மூக்குகூடத் தெரியுதுட்டி."

"அதான் என் வேலை," என்றாள்.

அவள் காத்திருந்தாள். அவன் நிமிர்ந்து, நெற்றியில் ஒட்டிய தூசியைத் துடைத்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான். "நான் பொய் சொல்லல. நல்ல வேலைதான். ஆனா வேண்டாம்னு மூலையில போட்டுட்டான்லா? ஒன்னையும் மூலையில போட்டுட்டான்லா? இதுக்கு இங்கனயே கெடக்கணுமா? வா, போவோம். நாலு மணி பஸ்ஸப் புடிச்சாத்தான் பொட்டியக் கட்ட நேரம் இருக்கும்."

"மனசு ஒப்பிச்சின்னா விட்டுருவேன்னு சொன்ன."

"ஒப்பிச்சி. வேலை ஒப்பிச்சி. நீ இங்க இருக்கது ஒப்பல."

"அப்படின்னா எதுக்குண்ணே பாத்த?"

"நீ காட்டுன, பாத்தேன்."

அவளுக்கு ஆத்திரத்தில் கண் இருண்டது. ஆத்திரம் அவன் மேல் என்றுதான் முதலில் நினைத்தாள். கொஞ்சம் நின்று யோசித்தபோது அப்படி இல்லை என்று பட்டது. அவன் சொன்ன சொல்லை மாற்றிவிட்டான்; மாற்றுவான் என்பது அவளுக்கு உள்ளூரத் தெரியாதா? எந்தக் கடைக்காரன் சரக்கைப் பார்த்தவுடன் கேட்ட விலையைக் கொடுத்திருக்கிறான்? அப்படியிருக்க, தன் ஐந்து வருடத்தையும் எடுத்து அவன் மேஜையில் கொண்டுபோய் வைத்தது யார்? போட்டுக்கொள் உன் வட்டங்களை என்று சிவப்புப் பேனாவை அவன் கையில் கொடுத்தது யார்? அதையேதான் பாண்டுரங்கனிடமும் செய்தாள். அட்டையைக் காட்டி, என்ன செய்ய என்று கேட்டாள். வண்டி அவள் கண்முன்னால்தான் நின்றது. அந்தப் பாதத் தடங்களை அவள்தான் பார்த்தாள், அவர் இல்லை.

"நான் வரலண்ணே," என்றாள்.

"என்னட்டி விளையாடுத?"

"வரல. சம்மதம்னு சொன்னது என் தப்பு. வேலையப் பாத்துட்டு வேலையப் பத்திச் சொல்லுவன்னு நெனச்சி சொல்லிட்டேன். நீ எப்படி இருந்தாலும் இத சொல்லியிருப்ப. நானும் எப்படி இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்."

"அம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்? வெள்ளிக்கெழம வாரவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? டேப் ஒட்டதுக்குத்தான் இந்த வீறாப்பா?"

"டேப் ஒட்ட மாட்டேன்."

"பொறவு?"

கன்னியப்பன் இருவருக்கும் நடுவில் வந்து, "சார், கேன்டீன்ல இன்னிக்கி டீ, வடை ஃப்ரீ. ஒரு வாய் சாப்ட்டுட்டு சண்ட போடுங்களேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

பஸ் நிறுத்தம்வரை அண்ணனும் தங்கையும் சாலையின் ஓரமாக ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். கார்களை ஏற்றிய நீளமான லாரிகள் போய்க்கொண்டே இருந்ததால், அவன் திட்டியதில் பாதிதான் அவளுக்குக் கேட்டது. கேட்ட பாதியே போதுமானதாக இருந்தது. படிச்ச திமிரு என்றான். இனிமேல் போன் பண்ணாதே என்றான். அறையில் தண்ணீர் காய்ச்சிக் குடி என்றும் அதே மூச்சில் சொன்னான்.

தாம்பரம் பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினான்.

"அம்மாட்ட என்னன்னு சொல்லட்டும்? அதையாவது சொல்லித் தொல."

"ஒம் மக கம்பெனிக்காரன் வண்டியக் கெடுத்துட்டாள்னு சொல்லு," என்றாள். "நல்லாக் கெடுத்திருக்காள்னு சொல்லு."

அவன் உதடு ஒரு பக்கம் இழுத்தது. சிரிப்பா, வேறு எதுவுமா என்று பார்ப்பதற்குள் நடத்துனர் அவனை உள்ளே தள்ளிவிட்டு விசில் அடித்தார்.

அவள் விடுதிப் பக்கம் நடந்தாள். நாளைக்கு அவளுக்குக் காலை ஷிஃப்ட். பாண்டுரங்கன் கண்ணாடி அறையில் ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பீரோவில் மாதவாரியாக அட்டைகள் இருக்கும். அதில் ஒரு அட்டையில் அறுபத்தோரு பச்சை டிக்குகளும், அவற்றுக்குக் கீழே அவருடைய கையெழுத்தும். அவருடையது மட்டும் அல்ல, அவளுடையதும். அந்த அட்டையை எடுத்து நடுவில் வைத்துப் பேச வேண்டும். கெடுத்ததில் தன் பங்கை ஒத்துக்கொள்ள வேண்டும், அவர் பங்கை அவரை எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும், மேஜையைத் திருப்பிக் கேட்க வேண்டும். மூன்றும் தெளிவாகத்தான் இருந்தன. முதல் வாக்கியம்தான் அமையவில்லை.

"சார், அந்த நீல வண்டி விஷயமா" என்று தொடங்கிப் பார்த்தாள். கெஞ்சுவதுபோல் இருந்தது. "சார், என்ன ஏன் பேக்கிங்ல போட்டீங்க" என்றால், ஆள் பத்தல என்பார். ஒரு ஷேர் ஆட்டோ பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது. வேண்டாம் என்று கையாட்டிவிட்டு, நடந்துகொண்டே மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.